மூன்று நிமிடம் ஓடட்டும்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுவதாக முடிவு செய்திருக்கிறேன். ஏன் திடீரென்று என்று யாராவது கேட்டால், ஜெனரேட்டர் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது, குறித்து வைக்காவிட்டால் மறந்துபோகும் என்று சொல்லிக்கொள்ளலாம். காரணமும் அதுதான்.

முதலில் எங்கள் பஸ். வெளியே பார்த்தால் டூரிஸ்ட் பஸ் மாதிரி இருக்கும். உள்ளே சீட்டுக்குப் பதில் ஒரு மிஷின். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது. திருநெல்வேலியில் ஒரு ட்ரஸ்ட் ஆஸ்பத்திரி இதை நடத்துகிறது. ஊர் ஊராகப் போய் முகாம் போடுகிறோம். நான் பிரம்மசக்தி, வயது நாற்பத்தாறு, படம் எடுக்கிற டெக்னீஷியன். ஹெப்சிபாவும் டெக்னீஷியன்தான், நாற்பது வயது. காலையில் நான் படம் எடுத்தால் அவள் படிவம் நிரப்புவாள். சாப்பாட்டுக்குப் பிறகு இடம் மாறிக்கொள்வோம். பஸ் ஓட்டுவது சுயம்பு அண்ணாச்சி. ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த ரூபன் போன வாரம் கத்தாருக்குப் போய்விட்டார்.

"மிஷினைப் பாக்குறவங்களே கரண்டையும் பாத்துக்கிட்டா நல்லதும்மா" என்று மேனேஜர் சாவியை என் கையில் வைத்துவிட்டார். நியாயமாக அது அண்ணாச்சிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி இளவயதில் ஒரு மோட்டார் ரூமில் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டவர். அவர் வீட்டில் பல்ப் மாற்றுவதுகூட அவர் மனைவிதான்.

ஜூன் 10, செவ்வாய்

அரைநாள் பாடம். ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியன் பிச்சையா சொல்லிக்கொடுத்தார்.

பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் ஒரு கைப்பிடி, அதுதான் சேஞ்ச்ஓவர். மேலே தள்ளினால் 1: வெளியிலிருந்து கேபிள் போட்டு எடுக்கிற ஈ.பி. கரண்ட். கீழே இழுத்தால் 2: ஜெனரேட்டர். நடுவில் 0: இரண்டும் இல்லை.

"ரெண்டு கரண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிடவே கூடாது மேடம்" என்றார் பிச்சையா, சண்டைக்கார மாமியார் மருமகளைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி. "சேந்துச்சுன்னா ஜெனரேட்டரு காலி. அது போனாப் போவுது. நம்ம கரண்டு கேபிள் வழியா வெளிய ஏறிச்சுன்னா? கரண்டு இல்லன்னு நம்பி போஸ்டுல ஏறினவன் உசுரோட எறங்க மாட்டான். அதுக்குத்தான் நடுவுல பூஜ்யம் வச்சிருக்கு."

சாயந்திரம் நானே ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். கரண்ட் போனால் முதலில் ஏசியையும் மிஷினையும் அணைக்கணும். கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரணும். ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணிச் சும்மா மூன்று நிமிடம் ஓட விடணும். மீட்டர் முள் ஆடாமல் நின்ற பிறகு 2. அப்புறம் ஏசி, கடைசியில் மிஷின். புது ஊரில் கேபிள் போடுவதற்கு முன்னால் எர்த் பார்க்கிற மீட்டரைச் சொருகிப் பார்க்கணும், பச்சை வந்தால் சரி, சிவப்பு வந்தால் அந்தக் கரண்டே வேண்டாம். கேபிளைப் போடும்போதும் பிடுங்கும்போதும் எல்லாம் அணைந்திருக்கணும்.

படித்துப் பார்த்தால் என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

கல்லடிவிளையில் முகாம். பீடி சுற்றுகிற பெண்கள். போட்டோ எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட, முதலில் வந்த பதினோரு பேரும் பூ வைத்து, பவுடர் அப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். பவுடர் பட்டால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். ஹெப்சி ஈரத்துணியோடு வாசலில் நின்று ஒவ்வொருவராகத் துடைத்துவிட்டாள்.

"கழுத்துக்குக் கீழ எதுக்குக்கா பவுடரு?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கிறாள்.

"நீ எங்கன எடுப்பன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றாளாம் அவள்.

முப்பத்து நாலு படம். ஈ.பி. கரண்ட் ஒருமுறைகூடப் போகவில்லை. எனக்கே லேசாக ஏமாற்றம்.

ஜூன் 13, வெள்ளி

மழைத் தூறல். கேபிள் மூட்டை நனையாமல் இருக்க என் குடையை அதற்குக் கொடுத்துவிட்டு நான் நனைந்தேன்.

ஜூன் 16, திங்கள்

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். இன்று கரண்ட் போயே போய்விட்டது. மிஷினின் தட்டு ஒரு டீச்சரின் மார்பை அழுத்திப் பிடித்திருந்த நேரம். கரண்ட் போனால் தட்டு தானாக விலகிவிடும், அதற்குத் தனியாக பேட்டரி உண்டு. ஆனாலும் அந்த டீச்சர் இருட்டில் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு வெளியே இருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஓடினேன். அணைத்தேன். பூஜ்யம். ஜெனரேட்டர் இருமிவிட்டுக் கிளம்பியது. மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று 2-க்கு இழுத்தேன். விளக்கு எரிந்ததும் பெண்கள் கைதட்டினார்கள். கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு இலை போட்ட மாதிரி சந்தோஷம்.

சாப்பிடும்போது ஹெப்சி கேட்டாள். "யக்கா, ரெண்டு வருசமா இந்த பஸ்ல இருக்கீய. ஒரு தடவயாவது ஒங்களுக்கு எடுத்தீயளா? நான் நாப்பது முடிஞ்ச அன்னைக்கே எடுத்துட்டேன்."

"நான் மிஷின்ல நின்னா ஸ்விட்சுகிட்ட யாருட்டி நிப்பா?"

"இந்தச் சாவி ஒங்க கைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆவுது."

கேசரி நன்றாக இருந்தது. பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மா செய்து கொடுத்தது.

ஜூன் 18, புதன்

என் மகள் ஆதிரை போன் பண்ணினாள். கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஹாஸ்டலில் சாம்பார் இனிக்கிறதாம். அவள் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவளுக்கும் எனக்கும் இடையில் இந்த போன்தான். அரைமணி நேரம் அவளே பேசினாள். கடைசியில், "நீ எப்டிம்மா இருக்க?" என்றாள்.

எனக்கென்ன என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

முத்துக்கரைப்பட்டி. உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள், வேலை முடித்து நேராக வந்தவர்கள். கால் எல்லாம் ஈரம், உப்பு.

லாட்ஜில் குளிக்கப் போய் நேரமாகிவிட்டது. அதனால் ஊர் சேரவும் நேரமாகிவிட்டது. வரும் வழியெல்லாம் ஆதிரை படிப்பு முடிய இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். சமுதாயக் கூடத்து பிளக்கில் கேபிளைப் போட்டு 1-க்குத் தள்ளினேன். வோல்டேஜ் சரியாகத்தான் காட்டியது.

மாடத்தி என்று ஒரு அம்மாள் வரிசையில் முதலாவது. செருப்பில்லாத ஈரக்காலோடு நின்று படிக்கம்பியைப் பிடித்தவர், "ஆத்தீ!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். பிறகு சிரித்தார். "தாயி, ஒங்க பஸ்ஸு கடிக்குது பாத்துக்கிடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய்ப் பூஜ்யத்துக்கு இழுத்தேன். "யாரும் பஸ்ஸத் தொடாதீய!" என்று நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துகிற மாதிரி கேட்டது. கேபிளைப் பிடுங்கிவிட்டு எர்த் மீட்டரைச் சொருகினேன். சிவப்பு. கூடத்தின் பிளக்கில் எர்த் வயரே எங்கேயும் போய்ச் சேரவில்லை. பஸ்ஸுக்குள் எங்கோ கசிகிற கொஞ்சம் கரண்ட், போக வழி இல்லாமல் தகரத்திலேயே நின்றிருக்கிறது. மாடத்தி அம்மாளின் கால் வழியாக இறங்கப் பார்த்தது.

லேசான கடிதான். அவர் படமும் எடுத்துக்கொண்டுதான் போனார். நாள் முழுக்க ஜெனரேட்டரிலேயே ஓட்டினோம்.

மீட்டர் என் கைப்பையில்தான் இருந்தது. காலையில் அதை எடுக்கவே இல்லை.

ஜூன் 21, சனி

முகாம் இல்லை. பிச்சையா வந்து கசிவைக் கண்டுபிடித்தார், ஏசி வயர் ஒரு இடத்தில் உரசித் தேய்ந்திருந்தது. சரிசெய்து, எல்லாவற்றையும் சோதித்துக் கொடுத்தார். நடந்ததை மேனேஜரிடம் நானே சொன்னேன். மீட்டர் பார்க்காதது என் தப்பு என்றும் எழுதிக் கொடுத்தேன். இனி கவனமா இருங்க என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெளியே டீக்கடையில் அண்ணாச்சி எனக்கும் சேர்த்து டீ சொல்லியிருந்தார்.

"ஒங்க மனசு பத்து நாளா இங்க இல்ல மேடம்" என்றார்.

"ஒறக்கம் சரியில்ல அண்ணாச்சி."

"அன்னைக்கு ஹெப்சிகிட்ட சொன்னீயள்லா, ஸ்விட்சுகிட்ட யாரு நிப்பான்னு. நான் நிக்கேன். எனக்குச் சொல்லிக் குடுங்க."

"ஒங்களுக்குத்தான் கரண்டுன்னா பயமாச்சே?"

"பயம்தான்" என்றார். "ஒங்களுக்கு மட்டும் பயம் இல்லயா?"

எனக்கென்ன பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். டீ ஆறிக்கொண்டிருந்தது. குடித்தேன்.

ஜூன் 23, திங்கள்

அண்ணாச்சிக்கு முதல் நாள். ரப்பர் செருப்பு, அதற்குக் கீழே ஒரு பலகை, கையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி உறை, நெற்றியில் புதுத் திருநீறு. கைப்பிடிக்கு இரண்டடி தள்ளி நின்று கையை மட்டும் நீட்டினார். தொட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க அண்ணாச்சி. மீட்டரை யாரு பாக்குறது?"

"ஒரு கண்ணத் தொறந்தாப் போதாதா?"

ஹெப்சி சிரித்துச் சிரித்து பஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். நிறைய நாள் கழித்து.

ஜூன் 24, செவ்வாய்

பதினான்கு தடவை செய்துவிட்டார். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறார், நடத்துநர் ஸ்டாப்பிங் சொல்வதைப்போல. மூன்று நிமிடம் என்றால் மூன்றே நிமிடம், ஒரு நொடி முன்னால் கை வைக்க மாட்டேன் என்கிறார். பயந்தவர் கையில் ஸ்விட்ச் இருப்பது நல்லதுதான் போலிருக்கிறது. அலட்சியம் வராது.

"நாளைக்கு?" என்றாள் ஹெப்சி, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"வரிசை முடியட்டும்" என்றேன்.

ஜூன் 25, புதன்

வரிசை மூன்றரைக்கே முடிந்துவிட்டது. இன்றைக்கென்று கூட்டம் குறைவு. படம் எடுத்து முடித்த பத்துப் பன்னிரண்டு பெண்கள்தான் படிவத்தில் கையெழுத்துப் போட வெளியே மரத்தடியில் பாக்கி. அவர்களைச் சற்று இருக்கச் சொன்னாள் ஹெப்சி. பிறகு ஒரு புதுப் படிவத்தை எடுத்து, என் பெயரை எழுதினாள்.

எல்லாக் கேள்வியும் எனக்கு மனப்பாடம். ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். ஏழாவது கேள்வி வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். "குடும்பத்துல யாருக்காவது இருந்திருக்காக்கா?"

"அம்மாவுக்கு."

"எத்தன வயசுல?"

"நாப்பத்தேழுல போயிட்டா."

எழுதினாள். அடுத்த கேள்வி, கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்பது. அதற்கும் பதில் சொன்னேன். இடது பக்கம், மேலே.

மிஷினில் நின்றேன். இத்தனை பேரை நிறுத்தியிருக்கிறேன், தட்டு இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று யாருமே சொன்னதில்லை. வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் தட்டு இறங்கி அழுத்திய நேரம் கரண்ட் போனது.

தட்டு விலகியது. துணியை இழுத்து மூடிக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தேன். ஹெப்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நில்லுங்க. அண்ணாச்சி பாத்துக்கிடுவாவ."

தகரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் குரல் கேட்டது. "ஏசி ஆஃபு! மிஷினு ஆஃபு! பூஜ்யம்!" ஜெனரேட்டர் கிளம்பியது. உடனே வெளியே பெண்கள், "அதான் ஓடுதுல்லா, போடுங்க அண்ணாச்சி, உள்ள அவ்வொ இருட்டுல நிக்காவ" என்றார்கள்.

"மூணு நிமிசம் ஆவட்டும்."

"வேர்த்துக் கெடப்பாவ."

"வேர்க்கட்டும். உள்ள நிக்கது எங்க மேடம். மூணு நிமிசம் ஆவாம நான் போட மாட்டேன்."

இருட்டில் நின்றேன். ஏசி இல்லாததால் முதுகில் வேர்வை இறங்கியது. ஹெப்சி கையை எடுக்கவே இல்லை. ஓடிப்போய்விட வேண்டும் என்று இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சுக்கு இல்லை. எங்கேயாவது.

"முள்ளு நின்னாச்சு! ரெண்டு!" டடக் என்று கைப்பிடி விழுந்தது. விளக்கு வந்தது. ஏசி வந்தது. மிஷின் திரும்ப எழுந்திருக்க நாலு நிமிடம். பிறகு இடது பக்கத்தை முதலிலிருந்து எடுத்தோம்.

படம் திரையில் வரும்போது ஹெப்சி முகத்தைப் பார்த்தேன். படம் எடுக்கிறவர்கள் முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. அவள் காட்டவில்லை. அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

நாற்பத்தொரு படம். காலை முழுக்க நான்தான் எடுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

எல்லோர் படமும் நெட் வழியாக டாக்டர் மீனலோசனிக்குப் போகும். அவர்தான் பார்த்துச் சொல்வார். இன்று அவரே கூப்பிட்டார். "சக்தி, நேர்ல வாங்க. ஸ்கேன் பண்ணிட்டு ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துருவோம். செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை முகாம் இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும்" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

ஊசி எறும்புக் கடி என்று பெண்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். பொய். இனிமேல் குளவி என்று சொல்வேன்.

ஜூலை 7, திங்கள்

பதினொரு மில்லிமீட்டர். மொச்சைக்கொட்டையைவிடச் சின்னது. பெயர் என்னவோ பெரிய பெயர்தான். டாக்டர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: சீக்கிரம் பிடித்துவிட்டோம், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைக்கிறோம், அக்குளில் பரவியிருக்கிறதா என்பது ஆபரேஷனில் தெரியும். பதினைந்தாம் தேதி.

வராண்டாவில் அண்ணாச்சியும் ஹெப்சியும் நின்றார்கள். சொன்னேன். ஹெப்சி அழுதாள். அண்ணாச்சி, "சாவி?" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டு, பைக்கு மேலே கையை வைத்துக்கொண்டே நடந்து போனார்.

ஜூலை 8, செவ்வாய்

ஆதிரைக்கு போன் பண்ணினேன். ஹாஸ்டல் சாம்பார் எப்படி என்று கேட்டேன். பிறகு பதினைந்தாம் தேதி ஒரு சின்ன ஆபரேஷன் என்றேன். என்ன ஆபரேஷன் என்றாள். சொன்னேன். போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வந்துவிட்டாள். வாசலில் பையைப் போட்டவள் என்னைக் கட்டிக்கொள்ள வந்து, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாள். வலது பக்கம் காட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு உள்ளே போகிறேன். பட்டினி. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 17, வியாழன்

அக்குளில் பரவவில்லை. டாக்டர் நேற்றே சொல்லிவிட்டார். எனக்குத்தான் பேனா பிடிக்க இன்று வரை ஆயிற்று. கட்டி முழுதாக வந்துவிட்டதாம். காயம் ஆறியதும் சில வாரம் கதிர்வீச்சு வைக்க வேண்டும், அப்புறம் வருடக்கணக்கில் மாத்திரை. தலைமுடியைக் கேட்டேன். அது இருக்கும் என்றார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டது நல்லதுதான்.

மதியம் ஆதிரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் விரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது விரலில் கேட்டாள். "ஒனக்கு எப்ப தெரியும்மா?"

"ஊசி போட்ட அன்னைக்கு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஜூன் எட்டாந் தேதி. ஞாயித்துக்கெழம. குளிக்கும்போது கையில தட்டுச்சு."

படம் எடுத்த நாள் வரைக்கும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "பதினேழு நாளா? தெனமும் அந்த பஸ்லயே, அந்த மிஷினுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு பதினேழு நாளா?"

"ஆமா."

"எனக்கென்னன்னு சொன்னேல்ல?"

"சொன்னேன்."

நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம். அவளுக்கு இவ்வளவு திட்டத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. என்ன நெஞ்சழுத்தம், ஆச்சி போனப்போ நீ பட்டதை மறந்துட்டியா, நான் யாரிடம் போவேன் என்று ஒன்று விடாமல் கேட்டாள். நடுவில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் திரும்பிப் போய்விட்டாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி விட்ட இடத்திலிருந்து திட்டினாள். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். இந்த நாற்பது நாளில் எனக்கு இவ்வளவு லேசாக இருந்ததில்லை.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.

கேன்டீனில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போயிருக்கிறாள். வரும்வரை எழுதுகிறேன். இடது கை இன்னும் தூக்க வரவில்லை, அதனால் நோட்டு நழுவுகிறது, எழுத்து கோணலாகப் போகிறது.

இதோ வருகிறாள். கையில் இரண்டு பொட்டலம்.